வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு சுவெட்டர்

வைகாசி வெயிலில் கம்பளிச் சுவெட்டர் பின்னுகிறவளைப் பார்த்துவிட்டு இந்த ஊரில் யாரும் சும்மா போகமாட்டார்கள். கீரிப்பாறை பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "எக்கா, மார்கழிக்கு இப்பமே தொடங்கியாச்சா?" என்பார்கள். எங்கள் மார்கழிக்கு ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டால் போதும். அதுவும் விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத்தான். இங்கே சுவெட்டர் என்பது பிறந்த குழந்தைக்கும், இழுப்பு நோய்க்காரருக்கும், மூளை கொஞ்சம் பிசகினவருக்கும் உள்ள உடுப்பு. நான் மூன்றாவது வகை என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் தப்பில்லை. யாருக்காகப் பின்னுகிறோம் என்று தெரியாமலே ஒரு கோடை முழுக்கப் பின்னியவளை வேறு எதில் சேர்ப்பது?

பின்னச் சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நேரில் நீங்க, வாங்க என்றுதான் பேச்சு. இப்போது எழுதும்போது அவள், இவள் என்றே வருகிறது. திருத்தப் போவதில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். போகவர வசதியாக அதில் ஓரிடத்தில் கல்லைப் பெயர்த்து வழி வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டிய காலத்திலிருந்தே அந்த வழி உண்டு. முதலில் அவளுடைய கணவர் போனார், பிறகு என்னுடையவர். அவளுக்கு ஒரே மகன், கானடாவில்; என்னைச் சித்தி என்பான். எனக்கு ஒரே மகள், பெங்களூரில். இரண்டு வீட்டிலும் ஒவ்வொருத்தி, நடுவில் ஒரு வழி. காலையில் யார் வீட்டில் முதலில் காப்பி கொதிக்கிறதோ அங்கே இரண்டு டம்ளர். குழம்பு அவள் வைத்தால் பொரியல் நான். ஒருத்திக்காக மட்டும் அடுப்புப் பற்ற வைக்கிற கஷ்டம் எங்கள் இருவருக்குமே இல்லாமல் இருந்தது.

பிள்ளைகள் கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டார்கள். ஒரு நாள் ஊறுகாய்க்கு மாங்காய் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பிள்ளைய வீட்டுல போயி சம்பளமில்லாத ஆயாவா நிக்க எனக்கு ஒக்காதுட்டி. நானும் போவல்ல, நீயும் போவாத. ஆரு முன்ன போறாளோ, மத்தவ வாய்க்கரிசி போட்டாப் போரும்."

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சரி என்றால் சரிதான். எழுதிக் கையெழுத்தா போட வேண்டும்? அதற்குப் பிறகு மகள் கூப்பிடும்போதெல்லாம், "இங்க அக்கா ஒத்தைக்கு இருப்பாளே" என்பதுதான் என் பதில். அவளும் மகனிடம் அதையே சொல்வாள் என்று நம்பினேன். சுவருக்கு இந்தப் பக்கம் என் காதுபடச் சொல்லியும் இருக்கிறாள்.

அந்த வருஷக் கோடையில்தான் அவள் சுவெட்டர் கேட்டாள். சித்திரை பாதி. கிணற்றடியில் அவள் வீட்டுச் சக்கை மரத்து நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்போம். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சக்கை என்றால் பிழிந்துவிட்டு எறிகிறது. கரும்புச் சக்கை, எலுமிச்சைச் சக்கை என்பார்கள். இங்கே வந்த வெளியூர் மருமகள்கள், "சக்கை சாப்பிடுறீங்களா?" என்று யாராவது கேட்டால் முகத்தைச் சுளிப்பது உண்டு.

"எம் மவனுக்கு ஒரு சட்ட பின்னித் தாட்டி," என்றாள். "அங்க கடையில உள்ளது எல்லாம் பேருக்குத்தான் கம்பளி. கையால பின்னுனது ஒண்ணு கெடந்தா கொள்ளாம்லா."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் ஊசிகள் டிரங்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டைகளோடு கிடந்தன. பின்னல் நான் கற்றது பதான்கோட்டில், ராணுவக் குடியிருப்பில். அங்கே குளிர்காலம் வந்தால் வீட்டு வேலை முடிந்த பெண்கள் எல்லோரும் வெயிலைத் தேடிக் கட்டிலை வெளியே போட்டு உட்கார்ந்து விடுவார்கள். ஒரு கையில் நிலக்கடலை, மடியில் நூல் உருண்டை, வாயில் ஊர்வம்பு. சீதா, உல்டா என்று இரண்டே சொல். சீதா என்றால் நேர்க்கண்ணி, உல்டா என்றால் மறிகண்ணி. இரண்டு சீதா இரண்டு உல்டா போட்டால் இடுப்புப் பட்டி. இந்தி சரியாக வராத காலத்திலும் சுவெட்டர் எனக்கு இந்தியில்தான் வந்தது. இன்றைக்கும் தமிழில் ஒரு கண்ணி பின்னத் தெரியாது. நான் பின்னியதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு மட்டும். அவர் ஓய்வு பெற்று இங்கே வந்த பிறகு யாருக்குப் பின்ன? இரண்டு ஊசியையும் கேட்ட மாத்திரத்தில் எடுத்துவிட்டேன்.

கம்பளி நூல் வாங்க நாகர்கோவிலுக்கு இருவரும் போனோம். ஒரு பேன்சிக் கடையில் அலமாரியின் மேல்தட்டில் தூசியோடு இருந்தது. கறுப்பு, கிளிப்பச்சை, அப்புறம் சின்ன வெங்காயத்தின் தோல் மாதிரி ஒரு நிறம். நான் கறுப்பை எடுத்தேன். அவள் வெங்காயத்தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எக்கா, அது பொம்பளைய நெறம்லா?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்பம் அங்க ஆம்பிளையளும் இதத்தான் போடுதானுவ. நீ எடு."

எடுத்தேன். கானடா ஆம்பிளைகள் என்ன நிறம் போடுகிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

அளவுக்கு ஒரு பழைய சட்டை தாருங்கள் என்று கேட்டேன். அவன் சட்டை ஒன்றும் வீட்டில் இல்லை என்றாள். "அவனுக்கு எங் கைதான், எந் தோளுதான். எனக்கு எடுத்துப் போட்டா அவனுக்குச் சரியா இருக்கும்." அதுவும் வாய்ப்புள்ள பேச்சுதான். மகன் தாயைப்போல இருப்பதில் என்ன அதிசயம்? அவள் மேல் நாடாவை வைத்து அளந்தேன். வயிறு கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும் என்றாள். அங்கே உட்கார்ந்த வேலை, வயிறு போட்டிருப்பான் என்றாள்.

பதிலுக்கு அவள் எனக்குப் பாட்டில் நிறைத்துத் தருவது என்று பேச்சு. அவளுக்கு அதில் கைராசி உண்டு. நான் போட்ட ஊறுகாய் ஆவணிக்குள் பூத்துவிடும். அவள் போட்டது அடுத்த சித்திரை விஷுவுக்கும் மணக்கும். அந்த வருஷம் அவள் ஒரு வேகத்தில் இறங்கினாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஜாம் பாட்டில், மகன் எப்போதோ கொண்டுவந்த காப்பித்தூள் பாட்டில் எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கி, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து, சுவர் மேல் கவிழ்த்து வெயிலில் அடுக்கினாள். முதலில் மாங்காய். பிறகு நாரத்தங்காய். பிறகு கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிற கைதச்சக்கையை வாங்கி ஜாம். கைதச்சக்கை என்றால் அன்னாசிப்பழம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாக நிறுத்தி ஆறவிடுவாள். ஆறும்போது மூடி உள்ளே இழுத்துக்கொண்டு 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு வருஷம் பயமில்லை என்பாள்.

"எதுக்கு எக்கா இவ்வளவு? ரெண்டு கெழவி தின்னு தீக்கக் கூடியதா?"

"கெடக்கட்டும்ட்டி. ஒனக்கு வேணும்லா. ஆடி, ஆவணியில மழை ஊத்தும்போ கறிக்கு ஒண்ணும் இல்லாம இருப்ப. ஒரு மூடியத் தொறந்தா முடிஞ்சு."

ஒனக்கு என்றாள். நமக்கு என்று சொல்லவில்லை. இன்று எழுதும்போது அது காதில் அறைகிறது. அன்று அறையவில்லை. பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். முட்டாளுக்கு எல்லாம் பிரியம்தான்.

வைகாசி பிறந்ததும் மகள் பேசினாள். இந்தத் தடவை கெஞ்சல் இல்லை, கணக்காகப் பேசினாள். புது வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. பேத்திக்கு அடுத்த வகுப்பு தொடங்கப் போகிறது, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஒரு ஆள் வேண்டும். "நீ வாறியா, இல்லியா? ஒண்ணு சொல்லும்மா. நீ வரல்லன்னா அத்த வாறேங்காவ. ரெண்டு பேருக்கும் எடமில்ல. பொறவு மாத்தச் சொல்ல முடியாது." அத்தை என்றால் அவள் மாமியார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. பேத்திக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. போனில் பேசினால் காற்றுத்தான் வரும். அந்தக் காற்றைப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்று இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வாயெடுப்பதற்குள், பக்கத்தில் நாரத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். பிரியமானவர்களை இங்கே மக்களே என்போம், ஒருத்தி என்றாலும்.

"மக்களே, அம்மாவப் பத்தி நீ ஒண்ணும் வெசனப்படாண்டாம். நான் இருக்கம்லா, பாத்துக்கிடுதேன். அவளும் போயிட்டா நான் ஆருட்டப் பேச? சுவருட்டயா?"

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அது நடிப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை. அதுதான் கூடுதலாக எரிகிறது. நான் போனை வாங்கி, அத்தையையே வரச்சொல் என்று மகளிடம் சொன்னேன். "பின்ன கேக்கப்பிடாது," என்றாள் மகள். கேட்கமாட்டேன் என்றேன்.

அந்தச் சமயத்தில் சுவெட்டரின் முதுகும் முன்பக்கம் இரண்டும் முடிந்திருந்தன. என் வீட்டுக்காரருக்குப் பின்னிய பழக்கத்தில் பட்டன் துளையை, காஜாவை, இடது பட்டியில் வைத்திருந்தேன். ஆண்களுக்கு இடது பட்டியில், பெண்களுக்கு வலது பட்டியில் என்பது பதான்கோட்டில் அந்தப் பெண்கள் சொல்லித் தந்த சட்டம். மகனுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன் என்று அக்கா அதை வாங்கி, அந்த வேர்வையிலும் ரவிக்கைக்கு மேல் போட்டுப் பார்த்தாள். பட்டனைப் போட முயன்றுவிட்டு, "கை வாக்கா இல்லியே. தொளைய இந்தப் பக்கம் மாத்தி வையிட்டி," என்றாள்.

"ஆம்பிளைக்கு அப்படித்தானே எக்கா?"

"அவனுக்கு இதுதான் வாக்கு."

எந்தக் கை வாக்கு? அவன் சிறு வயதில் வலது கையால் கல்லெறிந்து என் வீட்டு ஓட்டை உடைத்தவன். எனக்குத் தெரியாத கையா? இருந்தும் இரண்டு பட்டியையும் உருவி, பெண்களின் பக்கத்தில் காஜா வைத்துத் திரும்பப் பின்னினேன். நிறம் பெண்ணுடையது, அளவு அவளுடையது, காஜா பெண்பிள்ளைப் பக்கம். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும், நெற்றியில் எழுதியா ஒட்டுவார்கள்? ஆனால் நம்புகிறவளுக்குக் கண் எதற்கு? கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று நான் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன். பறிக்கிற மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

கடைசியாகச் சக்கை வரட்டி, சுளையை அரைத்து வெல்லத்தில் அல்வா மாதிரிக் கிண்டி எடுப்பது. வைகாசி பாதியில் வருகிற இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். மழைத்தண்ணீர் குடித்த சக்கைக்கு இனிப்பு இருக்காது. மரத்திலிருந்து சுளை கெட்டியான ஒரு பெரிய வரிக்கச்சக்கையை வெட்டி இறக்கி, சாக்கை விரித்துப் போட்டுப் பிளந்தாள். எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஆனாலும் அந்தச் சக்கையில் பால் அதிகம். சுளை எடுக்க எடுக்க விரலும் விரலும் ஒட்டி, இரண்டு கையும் பசையில் முக்கினது மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் வேறொரு சக்கையில் எடுத்து வேகவைத்து அரைத்த விழுது ஏற்கெனவே வெண்கல உருளியில் சர்க்கரைப் பாகோடு கொதித்துக்கொண்டிருந்தது. இங்கே சர்க்கரை என்றால் வெல்லம். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுவெட்டரின் இரண்டாவது கையைப் பாதி பின்னியிருந்தேன். நடுநடுவே எழுந்துபோய் உருளியைக் கிண்டிவிட்டு வந்தேன்.

அவள் போன் அடித்தது. நாற்காலியில் கிடந்தது, மகனுடைய படம் தெரிந்தது.

"நீ எடுட்டி. எங் கை இப்படிக் கெடக்கு."

எடுத்தேன். அவள் காதில் வைத்தால் கன்னத்தில் பசை ஒட்டும் என்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவ்வளவு கரிசனம் எனக்கு. நான் பேசுவதற்கோ, அவள் பேசுவதற்கோ அவன் இடம் வைக்கவில்லை.

"எம்மா, டிக்கெட் போட்டாச்சு. இனி வச்சுக்கிட்டு இருக்காத, சித்திட்ட இன்னைக்கே சொல்லிரு. எத்தன நாள்தான் ஒளிப்ப? வீட்டுக்கு சித்தி இருக்காவல்லா, பின்ன என்ன? சாவியக் குடுத்தா வெளக்கப் போட்டு, மரத்தையும் பாத்துக்கிடுவாவ. அவியளும் மக வீட்டுக்குப் போவல்லன்னு ஆச்சுல்லா, அது நல்லதாப் போச்சு, இல்லன்னா நாம வேற ஆளு தேடியிருக்கணும். ஒஞ் சுவெட்டர் முடிஞ்சா?"

அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். போனைப் பிடுங்க முடியவில்லை, அணைக்க முடியவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. "லே, வையிலே," என்று மட்டும் கத்தினாள். "வைலே போன!" அவன், "ஏன், என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான்தான் அணைத்தேன்.

உருளியை ஒரு தடவை கிண்டிவிட்டு வந்தேன்.

"எப்பம் முடிவாச்சு?" என்று கேட்டேன்.

"மக்களே..."

"எப்பம்னு கேட்டேன்."

"மாசியில. கண்ணு காட்டப் போறேன்னு திருவனந்தபுரம் போனம்லா, அது இந்தப் பேப்பர் வேலைக்குத்தான்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அவன் பெண்டாட்டி வேலைக்குப் போறா. பிள்ளைய நோக்க ஆளில்லன்னு அழுதான். நான் என்ன செய்யட்டும்? ஒங்கிட்டச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்லட்டி."

"எம் மகள்ட்டப் பேசும்போ எழும்பிச்சே?"

அவள் ஒட்டிய விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள்.

"போறது ஒங்க இஷ்டம். பெத்த பிள்ள கூப்பிட்டான், போறிய. அத நான் கேக்கல்ல. என்னையும் போவ விடாமப் பண்ணுனியளே, அது என்னத்துக்கு? ஒங்க வீட்டுக்கு வெளக்குப் போடவா?"

"அப்படி நெனச்சுச் செய்யல்ல. நீ இங்க இருந்தா எனக்கு ஒரு தைரியம். திரும்பி வந்தாலும் ஒரு ஆளு..."

ஆள். மகனும் அதைத்தான் சொன்னான், இவளும் அதைத்தான் சொல்கிறாள். இத்தனை வருஷம் பேசிச் சிரித்து, ஒரே பாத்திரத்தில் தின்று, கடைசியில் நான் ஒரு ஆள். மற்ற ஊர்க்காரர்கள் சொல்கிற அர்த்தத்தில் அன்றைக்குச் சக்கை நான்தான்.

அவளுக்குக் கண்ணீர் வடிந்தது. அந்தக் கையால் துடைக்க முடியாமல் தோளில் கன்னத்தைத் தேய்த்தாள். தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்தால் பால் விட்டுவிடும். எண்ணெய்க் கிண்ணம் என் காலடியில்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுப்பில் விறகை மட்டும் வெளியே இழுத்துவிட்டு, சுவெட்டரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரத்திலும் வரட்டி அடிப்பிடிக்கக் கூடாது என்று பார்த்திருக்கிறேன் பாருங்கள். என்னைச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டாள். "அய்யோ, அம்மா," என்றாள். பின்னால் அவள் மாமியார் பேத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. வந்து சாமிப் படமெல்லாம் மாட்டிவிட்டாள் போல. "நீ லீவுக்கு வந்துட்டுப் போம்மா," என்றாள் மகள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்னவள் நான்தான்.

சுவெட்டரை உருவிவிடலாம் என்று எடுத்தேன். உருவுவது எளிது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு காப்பி ஆறுவதற்குள் எல்லாம் நூலாகிவிடும். நுனியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கு வேறு கோபம் வந்தது. நான் ஏன் உருவ வேண்டும்? என் வேலையில் குறை வைத்தேன் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது. ஏமாற்றினது அவள், பின்னினது நான். மிச்சக் கையைப் பின்னி முடித்தேன். கோபத்தோடு பின்னினால் நூலை இழுத்துப் பிடிப்போம், கண்ணி இறுகிவிடும். அதே எண்ணிக்கைக் கண்ணிதான், ஆனாலும் இரண்டாவது கை முதல் கையைவிட ஒடுக்கமாக வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். சரி செய்யவில்லை. மடித்து, சுவர் மேல் வைத்து, அது பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் புறப்படுகிற வரை பேச்சில்லை. சுவர் வழியில் வந்து நிற்பாள். நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "அக்கா கானடாவுக்குப் போறாளாமே, ஒங்கிட்ட முதல்லயே சொல்லியிருப்பாளே," என்று தோவாளைச் சந்தைக்குப் பூக் கொண்டுபோகிற பெண் கேட்டாள். ஆமா என்றேன். வேறு என்ன சொல்ல? அக்காவுக்கு முதுகில் குத்தத் தெரிந்திருக்கிறது, எனக்குக் குத்துப்பட்டதைச் சொல்ல வெட்கம்.

மழை தொடங்கிய பிறகுதான் போனாள். கார் வந்து நின்றது. நான் வெளியே போகவில்லை. உள்ளே இருந்துகொண்டு, குக்கரில் வெறும் தண்ணீரை வைத்து விசில் விட்டேன், அவள் கூப்பிட்டால் காதில் விழக்கூடாது என்று. அவள் கூப்பிட்டாளா என்று இன்றுவரை தெரியாது. கார் போன பிறகு கதவைத் திறந்தால், அடுக்களைப் படியில் பாட்டில்கள். அந்தக் கோடையில் நிறைத்த அத்தனையும். மாங்காய், நாரத்தங்காய், ஜாம், வரட்டி. மழைச்சாரல் படாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கடைசி பாட்டிலின் மூடி மேல் அவள் வீட்டுச் சாவி.

பாட்டில்களை உள்ளே எடுத்து வைத்தேன். பின்னியதற்குக் கூலி அது, பேசி வைத்தது. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போய், அவள் வீட்டு முன்கதவின் அடியிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டேன். இனி யார் நினைத்தாலும் பூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டும். அப்போது எனக்குக் கிடைத்த திருப்தியைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது அதுவும் போய்விட்டது.

ஆனி, ஆடி இரண்டிலும் அவள் மரத்துச் சக்கை ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தது. மழையில் அழுகி அந்த மணம் என் படுக்கை வரைக்கும் வந்தது. "ஏன், நீங்க பறிக்கக்கூடாதா?" என்று கேட்டவர்களிடம், "மரத்துக்காரிட்டக் கேளுங்க," என்றேன். மகன் ஒருமுறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. அவள் அடிக்கடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஒரு நாள் எடுத்துவிட்டேன். மகள்தான் என்று நினைத்து, எண்ணைப் பார்க்காமல் எடுத்தேன்.

"மக்களே," என்றாள். இங்கே காலை, அங்கே இரவாக இருக்கும். நான் வைத்துவிடவில்லை. வைக்கத்தான் நினைத்தேன்.

"பேசாண்டாம். கேளு, போரும்," என்றாள். "காலைல எல்லாரும் போயிருவா. பிள்ளைய இப்பம் ஒரு எடத்துல சேத்தாச்சு, அதுவும் போயிரும். ராத்திரி வருவா, தின்னுவா, ஒறங்குவா. ஒரு வார்த்த பேச ஆளில்ல. எனக்கு வாயே தூர்ந்து போச்சுட்டி."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் அங்கயே வந்திரட்டா? அவன்ட்டச் சொல்லீட்டேன், அவன் சரிங்கான். ஆனா ஒங்கிட்டக் கேக்காம வரமாட்டேன். இந்தத் தடவ கேக்கேன். நீ வான்னு ஒரு சொல்லு சொல்லு. அது போரும்."

எங்கள் பக்கத்தில் பகையாளி வந்து வாசலில் நின்றாலும் வாங்க என்று கேட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாவது வா என்பான். வா என்று கேட்காத வீட்டுப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். அதை அறிந்துதான் அவள் கேட்டாள். எனக்கு அந்தச் சொல் தொண்டைக்குழி வரை வந்தது. அவள் திரும்பி வந்து, அந்தச் சுவர் வழியே தலையை நீட்டி, "காப்பி ஆச்சா?" என்று கேட்க வேண்டும் என்று அந்த நிமிஷம் உடம்பு முழுக்க ஏங்கியது. அதைவிட எனக்கு வேண்டியது உலகத்தில் ஒன்றும் இல்லை. அவளும் அதை அறிந்திருந்தாள். என்னை அவ்வளவு அறிந்தவள்தானே எனக்கு அப்படிச் செய்தாள்?

"அங்க இருக்கியா?" என்றாள். "சொல்லுட்டி."

"அடுப்புல கறி கெடக்கு, பிடிச்சிரும். வைக்கட்டா?" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. ஒருத்திக்கு என்னத்தைச் சமைப்பது என்று, அன்று நான் அதைப் பற்ற வைக்கவே இல்லை.